வலி எந்த வழியாக இறங்குகிறது? – நரம்பு வலி, தசை வலி பற்றிய வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கை, கால், கழுத்து, இடுப்பு வலி குறித்து வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தைத்தான் வெவ்வேறு சொற்களில் எழுப்புகின்றன. இந்த வலி நரம்பிலிருந்து வருகிறதா, தசையிலிருந்து வருகிறதா? தசை வலிக்குக் கேட்கும் சாதாரண வலி மாத்திரைகள் நரம்பு வலிக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. நரம்பு வலிக்குரிய மாத்திரைகளைத் தசை வலிக்கு விழுங்கினால் தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும்தான் மிஞ்சும். அதைவிட முக்கியமாக, நரம்பு வலிக்குப் பின்னால் காலத்தோடு கண்டுபிடித்தாக வேண்டிய ஒரு காரணம் இருக்கக்கூடும் என்பதால், இந்தப் பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது 46. ஜவுளி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுவதும் நாற்காலியில்தான் வேலை. இரண்டு மாதங்களாக இடுப்பில் தொடங்கி இடது கால் வரை வலி இருக்கிறது. நான் பார்த்த மருத்துவர் தசைப்பிடிப்பு என்றார். உறவினர் ஒருவரோ இது நரம்புக் கோளாறு, உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறார். எது எந்த வலி என்று நானே ஓரளவு தெரிந்துகொள்ள வழி உண்டா?
– வாசகர், கரூர்

பதில்: உண்டு. அதற்கு வலி எப்படி இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், மேலும் மூன்று கேள்விகளை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். வலி எந்த வழியாக இறங்கி எங்கே போய் முடிகிறது? அந்த இடத்தில் தொடு உணர்வு குறைந்திருக்கிறதா? அங்கே பலம் குறைந்திருக்கிறதா?

முதலில் தசை வலியை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் சென்று வந்தவர்களுக்கு அன்றிரவைவிட மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் கெண்டைக்காலில் வலி கூடுதலாக இருக்கும். பழக்கமில்லாத உழைப்பால் வரும் தசை வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைந்து, சில நாட்களில் தானாகவே அடங்கிவிடும். அந்த வலியை மக்கள் உளைச்சல், கடுப்பு, இறுக்கம் என்பார்கள். வலிக்கும் இடத்தை உள்ளங்கையால் காட்ட முடியும். அழுத்தினால் வலி கூடும். அந்தத் தசைக்கு வேலை கொடுத்தால் வலிக்கும், ஓய்வும் ஒத்தடமும் கொடுத்தால் குறையும். தோலில் உணர்ச்சி மட்டும் எப்போதும்போல இருக்கும்.

நரம்பு வலி எப்படிப்பட்டது என்பதும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். முழங்கையின் உட்பக்கம் மேசை முனையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஏதோ பாய்கிறதே, அது அங்கே தோலுக்கடியில் ஓடும் அல்னார் நரம்பு அடிபட்டதன் விளைவு. இடித்தது முழங்கை, உணர்ந்தது சுண்டுவிரல். நரம்பு வலியின் அடிப்படைக் குணமே இதுதான். பாதிப்பு ஓரிடத்தில் இருக்கும். வலியோ அந்த நரம்பு எந்தப் பகுதிக்குப் போய்ச் சேருகிறதோ அந்தப் பகுதியில் தெரியும். எரிச்சல், மின்சாரம் தாக்கியதுபோன்ற வெட்டு, ஊசி குத்தல், மதமதப்பு ஆகியவை அதோடு சேர்ந்து வரும். பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட டி.என்.4 என்ற வினாப்பட்டியலை இன்று பல மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதிலுள்ள 10 அம்சங்களில் 4 அல்லது அதற்கு மேல் பொருந்தினால் நரம்பு வலியாக இருக்கும் வாய்ப்பு அதிகம். எரிச்சலும் மதமதப்பும் அதில் இருப்பதை எவரும் எதிர்பார்க்கலாம். வலிக்கும் இடத்தில் அரிப்பு, வலி தரும் குளிர்ச்சி, மெல்லத் தடவினாலே வலி கூடுவது ஆகியவையும் அதில் இருக்கின்றன. நோயாளிகள் இவற்றை அற்பமென்று கருதி மருத்துவரிடம் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

இனி உங்கள் காலுக்கு வருவோம். வலி பிட்டத்திலோ தொடையின் பின்புறத்திலோ நின்றுவிடுகிறதென்றால் தசை அல்லது மூட்டுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்கிப் பாதம் வரை போகிறதென்றால், முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஒரு நரம்பு வேர், அதாவது முதுகெலும்பிலிருந்து நரம்பு கிளம்பும் இடம், அழுத்தப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். சயாட்டிகா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது இதுதான். காலின் வெளிப்பக்கமாக இறங்கிப் புறங்கால் வழியே பெருவிரலுக்குப் போனால் ஐந்தாவது இடுப்பு நரம்பு வேரும், கெண்டைக்காலின் பின்புறமாக இறங்கிச் சுண்டுவிரல் பக்கம் போனால் அதற்கடுத்துள்ள முதல் திருவெலும்பு (முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பு) நரம்பு வேரும் சந்தேகத்துக்குரியவை. இருமும்போதும் தும்மும்போதும் கால் வரை வெட்டி இழுத்தால் சந்தேகம் வலுக்கிறது.

வீட்டிலேயே சிலவற்றைச் செய்து பார்க்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால்களில் மட்டும் நின்று சில அடிகள் நடந்து பாருங்கள். பிறகு முன்கால் விரல்களில் எம்பி நில்லுங்கள். ஒரு கால் மட்டும் தொய்ந்துபோனால் அது பலக்குறைவு. கண்ணை மூடிக்கொண்டு, வீட்டார் ஒருவரைப் பஞ்சுத் துணுக்கால் இரண்டு பாதங்களையும் மாற்றி மாற்றித் தொடச் சொல்லுங்கள். ஒரு பாதத்தில் மட்டும் தொடுவது மங்கலாகத் தெரிந்தால் அது உணர்ச்சிக் குறைவு. அடுத்து மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் காலை அவர் மெதுவாக உயர்த்தட்டும். 30 முதல் 70 பாகைக்குள் முழங்காலுக்குக் கீழே வலி பாய்ந்தால் நரம்பைச் சந்தேகிக்கலாம். தொடையின் பின்னால் மட்டும் இறுக்கி இழுத்தால் அது தசையின் இறுக்கம். வலி தொடங்கிய இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். வலிந்து தூக்கக் கூடாது. பிட்டத்துத் தசைகளில் உள்ள இறுகிய முடிச்சுகளும் சில வேளைகளில் காலுக்கு வலியை அனுப்பும் என்பதால், ஒரே ஓர் அடையாளத்தை வைத்துக்கொண்டு முடிவுக்கு வர வேண்டாம். வழித்தடம், உணர்ச்சி, பலம் மூன்றும் ஒரே நரம்பைச் சுட்டினால்தான் அது உறுதியான தடயம்.

ஸ்கேனைப் பற்றி உங்கள் உறவினர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் நடுவயதுக்குப் பிறகு பலருக்கு ‘டிஸ்க் பிதுக்கம்’, ‘ஜவ்வுத் தேய்மானம்’ என்று அறிக்கை வரத்தான் செய்யும். படத்தில் தெரியும் பிதுக்கமும் உங்கள் காலில் வலி இறங்கும் வழியும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் அந்தப் படத்துக்கு மதிப்பு. பொருந்தாத ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சி, படுக்கையில் கிடந்து இடுப்பை மேலும் பலவீனமாக்கிக்கொண்டவர்கள் ஏராளம். நரம்பு வேர் அழுத்தமே இருந்தாலும் பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரங்களில் அறுவை சிகிச்சையின்றியே வலி குறைந்துவிடுகிறது. அதுவரை முழு ஓய்வைவிட, வலி பொறுக்கும் அளவுக்கு நடமாடுவதே நல்லது. உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டதால், பாதம் வரை வலி இறங்குகிறதென்றால் எலும்பு முறிவு அல்லது நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள். ஸ்கேன் தேவையா என்பதை அவர் காலைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும்.

காத்திருக்கவே கூடாத நிலைகளும் இருக்கின்றன. சிறுநீர் வராமல் கட்டிக்கொள்வது அல்லது தெரியாமலே கசிவது, மலம் அடங்காமல் போவது, சைக்கிள் இருக்கையில் படும் பகுதி முழுவதும் மரத்துப்போவது, இரண்டு கால்களும் ஒருசேரப் பலமிழப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் அன்றே, அந்த நேரமே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். தண்டுவடத்துக்குக் கீழுள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளம் அது. தாமதித்தால் இழந்த கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

கேள்வி: என் தாயார் பூ கட்டி விற்பவர், வயது 52. சில மாதங்களாக நள்ளிரவில் வலது கை மரத்துப்போய் எழுந்துவிடுகிறார். கையை உதறினால் சரியாகிவிடுகிறது. இரத்த ஓட்டம் குறைவு என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். எந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும்?
– வாசகி, மதுரை

பதில்: தூக்கத்தில் கை மரத்து எழுவதும், உதறியதும் தெளிவதும் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதற்கு மிகவும் உரிய அறிகுறிகள். விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் மணிக்கட்டில் ஒரே குறுகிய பாதை வழியாகக் கைக்குள் நுழைகின்றன. நார் முடிச்சுக்காக நாள் முழுவதும் விரல்களை இழுத்து மடக்குபவர்களுக்கு அந்தப் பாதைக்குள் வீக்கம் ஏற்பட்டு நரம்பு நெருக்கப்படுவது இயல்பு.

எந்த விரல்கள் மரக்கின்றன என்று தாயாரை நிதானமாகக் கவனிக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்து, சுண்டுவிரல் மட்டும் தப்பியிருந்தால் அது மணிக்கட்டு. சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் என்றால் முழங்கையில் நரம்பு அழுந்துகிறது. கழுத்தை அண்ணாந்தாலோ வலப்புறம் சாய்த்தாலோ தோளிலிருந்து விரல் வரை வலி இறங்குமானால் கழுத்தெலும்பைப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் தரையைப் பார்க்கும்படி மணிக்கட்டை மடித்து 60 விநாடிகள் வைத்திருக்கச் சொல்லுங்கள். அதற்குள் அதே விரல்களில் மதமதப்பு வந்தால் ஐயம் வலுப்படும்.

இரவில் மணிக்கட்டை மடங்காமல் நேராக வைத்திருக்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு தூங்குவதே முதல் சிகிச்சை. சர்க்கரையையும் தைராய்டையும் பரிசோதித்துவிடுங்கள். இரண்டுமே இந்தக் கோளாறைக் கொண்டுவரும். கட்டைவிரலின் அடியில் உள்ள சதைமேடு இடது கையோடு ஒப்பிட மெலிந்திருந்தாலோ, ஊசியில் நூல் கோக்க முடியாமல் பொருள்கள் கை நழுவினாலோ தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரிடமோ கை அறுவை மருத்துவரிடமோ காட்டுங்கள். அந்தக் கட்டத்தில் அழுத்தத்தை நீக்கும் சிறு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். மெலிந்த சதை முழுமையாகத் திரும்புவது கடினம்.

கேள்வி: மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன், வயது 29. கழுத்துக்கும் தோளுக்கும் இடையே தாங்க முடியாத வலி. சில நாட்களில் நெற்றிப்பொட்டு வரை ஏறுகிறது. கழுத்து நரம்பு பிடித்துக்கொண்டது என்று வீட்டில் சொல்கிறார்கள்.
– வாசகர், சென்னை

பதில்: நீங்கள் எழுதியவரை பார்த்தால் இது தசை. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து உருட்டிப் பாருங்கள். கயிறுபோல ஒரு பட்டையும் அதில் பட்டாணி அளவு முடிச்சும் தட்டுப்படும். அதை அழுத்தியதும் உங்களுக்கு வழக்கமாக வரும் அதே வலி நெற்றிப்பொட்டுக்கு ஏறினால் வேறு ஸ்கேன் எதுவும் தேவையில்லை. மடிக்கணினியின் திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்துவது, அரைமணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து தோள்களைச் சுழற்றுவது, வெந்நீர் ஒத்தடம், தோள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி ஆகியவையே மருந்து. கைக்குள் மரத்துப்போதலோ பிடிமானக் குறைவோ சேர்ந்துகொண்டால் மட்டும் நரம்பைப் பற்றி யோசிக்கலாம்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். முடிதிருத்தகத்தில் கழுத்தைச் சட்டென்று திருகிச் சொடுக்கெடுக்க அனுமதிக்காதீர்கள். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிதே ஆனாலும், 29 வயதில் அதை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். இரவில் உள்ளங்கால் இரண்டும் தீயாய் எரிகின்றன. போர்வை பட்டாலே தாங்க முடியவில்லை. கால் வலி மாத்திரை போட்டும் பயனில்லை. நரம்புக்குச் சத்து ஊசி போட்டால் சரியாகும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. இரண்டு பாதங்களிலும் ஒரேபோல, விரல் நுனியில் தொடங்கி காலுறை போட்ட அளவுக்கு மேலேறும் எரிச்சல், இரவில் கூடுவது, துணி பட்டாலே வலிப்பது ஆகிய மூன்றும் சர்க்கரையால் நரம்பு நுனிகள் சிதைவதைக் காட்டுகின்றன. உடலில் மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குச் செல்பவைதான். அதனால்தான் பாதிப்பு அங்கிருந்து தொடங்குகிறது.

சத்து ஊசியைப் பொறுத்தவரை, இரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். மெட்ஃபார்மினை நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்கும் சைவ உணவினருக்கும் அது குறையக்கூடும். குறைந்திருந்தால் ஊசியோ மாத்திரையோ உண்மையிலேயே பலன் தரும். குறையில்லாதவருக்கு அதனால் எரிச்சல் போகாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கப்படும் கலவை மாத்திரைகளில் வைட்டமின் பி6ம் இருக்கும். அது அளவுக்கு மீறிச் சேர்ந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். நரம்புக்கு நல்லது என்று எண்ணிச் செய்வது நரம்புக்கே கேடாக முடிவதைத் தவிர்க்க வேண்டும்.

நரம்புக் கடத்தல் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று அறிக்கை வந்தாலும் எரிச்சல் பொய்யாகிவிடாது. விநாடிக்கு 50 மீட்டர் அளவில் செய்தி கடத்தும் தடித்த இழைகளைத்தான் அந்தக் கருவி அளக்கிறது; எரிச்சலைச் சுமந்து செல்லும் மெல்லிய இழைகள் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் செல்பவை; அவை அதில் அகப்படுவதில்லை. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையையும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையையும் பாதத்தில் வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனையை ஆண்டுக்கு ஒருமுறையேனும் செய்துகொள்ளுங்கள்.

எரியும் பாதத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, எரிச்சல் மறைந்து உணர்ச்சியே போய்விட்ட பாதம். குணமாகிவிட்டது என்று அப்போது பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தின் கல்தரையில் வெறுங்காலோடு சுற்றி, சூடு தெரியாமல் உள்ளங்கால் தோல் முழுவதும் கொப்பளித்து வருபவர்களைக் கோடைதோறும் பார்க்கிறோம். காலையிலோ மாலையிலோ செல்லுங்கள். தினமும் இரவில் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். வெந்நீரில் கால் வைப்பதற்கு முன் வீட்டார் யாரையாவது கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு வயது 72. நான்கு மாதங்களுக்கு முன் விலாவில் அக்கி வந்தது. காவி குழைத்து அக்கி எழுதினோம்; கொப்புளம் காய்ந்துவிட்டது. ஆனால் ரவிக்கை உரசினாலே துடிக்கிறார். தசை வலி என்று தைலம் தேய்த்து வருகிறோம்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தைலத்தை நிறுத்திவிடுங்கள், தேய்க்கத் தேய்க்க அந்த வலி கூடும். சிறுவயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பு முடிச்சில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, முதுமையில் எதிர்ப்பாற்றல் குறையும்போது ஒரே நரம்பின் வழியாக வெளிவருவதே அக்கி. அதனால்தான் அது உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், முதுகிலிருந்து மார்பு வரை பட்டைபோல வந்து நடுக்கோட்டில் நின்றுவிடுகிறது. கொப்புளம் தானாகவே காயும்; காவி பூசுவதால் குளிர்ச்சி கிடைக்கலாம், கிருமி அடங்காது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸுக்கு எதிரான மாத்திரையைத் தொடங்கியிருந்தால் நோயின் கடுமை குறைந்திருக்கும். மூன்று மாதம் கடந்தும் நீடிக்கும் இந்த வலி நரம்பு வலியே. அதற்குரிய மாத்திரைகளும், மரப்பு மருந்து தடவிய ஒட்டுப் பட்டையும் உள்ளன. வீட்டில் வேறு எவருக்கேனும் ஒருபக்கமாக எரிச்சல் தொடங்கி, ஓரிரு நாளில் சிவந்த கொப்புளம் தெரிந்தால், அக்கி எழுதச் சென்றாலும் மருத்துவரிடம் போவதை ஒருநாள்கூடத் தள்ளாதீர்கள். கண்ணருகே வந்தால் அது அவசரம்.

கேள்வி: இரவில் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கிறது. நரம்பு இழுப்புதானே?
– வாசகி, புதுச்சேரி

பதில்: இல்லை, சுருங்கி இறுகுவது தசை. முழங்காலை நீட்டி, பாதத்தை முகம் நோக்கி மடக்கினால் விட்டுவிடும். படுக்கும்முன் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி செய்யுங்கள். சிறுநீர் பெருக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

கேள்வி: 200 அடி நடந்தால் கெண்டைக்கால் கடுக்கிறது, நின்றால் போய்விடுகிறது. 30 ஆண்டுகளாகப் புகைப்பவன். இது தசையா, நரம்பா?
– வாசகர், வேலூர்

பதில்: இரண்டும் இல்லாமல் இரத்தக் குழாய் அடைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதுகெலும்புக் கால்வாய் சுருங்கியவர்களுக்கும் நடந்தால் கால் வலிக்கும். ஆனால் அவர்களுக்கு வெறுமனே நின்றால் போதாது, உட்கார வேண்டும் அல்லது முன்புறம் குனிய வேண்டும். உங்களுக்கு நின்றதுமே தணிவதால், பாதத்தில் நாடித்துடிப்பை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். புகைப்பதை இன்றே விடுங்கள். நடக்கும்போது மார்பிலோ இடது கையிலோ தாடையிலோ அழுத்தம் தெரிந்தால் வாயு, தசை என்று எதையும் யோசிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். கழுத்து நரம்பு அழுத்தத்துக்கு ப்ரீகாபலின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரமாகியும் வலி குறையவில்லை, தூக்கம்தான் வருகிறது. பழக்கமாகிவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துவதால் நிறுத்திவிடலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: நீங்களாகவே நிறுத்த வேண்டாம். ப்ரீகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின், டுலாக்செடின் ஆகிய மருந்துகள் போட்ட அரைமணி நேரத்தில் வலியை அடக்குபவை அல்ல. காயப்பட்ட நரம்பு தேவையின்றி அனுப்பிக்கொண்டிருக்கும் செய்திகளைப் படிப்படியாகத் தணிப்பவை; குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்த வேண்டியிருப்பதால், பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். சட்டென்று நிறுத்தினால் தூக்கமின்மையும் படபடப்பும் வரும் என்பதால் நிறுத்துவதும் மெல்லத்தான். பழக்கமாகிவிடும் என்ற அச்சத்தில் முழுப் பொய்யில்லை. மருத்துவர் சொன்ன அளவை மீறாமல், சீட்டில்லாமல் வாங்காமல் இருப்பதே அதற்குப் பாதுகாப்பு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். மது அருந்தினால் மயக்கம் பன்மடங்காகும்.

உங்கள் தொழிலை மருத்துவரிடம் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. கட்டாயம் சொல்லுங்கள், மருந்தின் பெரும்பகுதியை இரவுக்கு மாற்றவும் அளவை மெதுவாக உயர்த்தவும் அவரால் முடியும். தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் முழுமையாக நீங்கும்வரை, அளவு கூட்டப்படும் ஒவ்வொரு முறையும் முதல் சில நாட்களுக்கு, ஆட்டோவை எடுக்காதீர்கள்.